நான்கில் ஒன்று எஞ்சிய கதை

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களங்கள் நான்கு என்றார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய்க்கதைகளைத் தரம் காண இதனினும் நல்ல அளவுகோலை யான் அறியேன்.

1847-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் தொல்காப்பியம் பயின்றவர் அல்லர். ஆயினும் 1897-இல் வெளிவந்த அவருடைய 'டிராகுலா'வில் அந்நான்கும் ஒரே பாத்திரத்தில் கூடி நிற்கின்றன. டிராகுலா பிரபு இறந்தும் இறவாத அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறும் விலங்கு. இரவில் புகுந்து குருதி கவரும் கள்வன். மலைநாட்டுக் கோட்டைக்குத் தலைவன். நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள் வழியே பிறர்தாம் அவன் கதையைச் சொல்கின்றனர். அவன் மறைந்திருக்க மறைந்திருக்க நம் அச்சம் வளர்கிறது.

இத்தகைய ஆற்றலாளரின் இறுதி நாவல் என்ற ஆவலோடு, 1911-இல் வெளிவந்த 'தி லேயர் ஆஃப் தி ஒயிட் வொர்ம்' நூலை எடுத்தேன். வெள்ளைப் புழுவின் வளை என்பது தலைப்பின் பொருள். புழு என்றாலும் பழைய ஆங்கில வழக்கில் அது பெரும்பாம்பு. அரபெல்லா என்னும் சீமாட்டியே அப்பாம்பு என்பது கதைக்கரு. எஞ்சியது ஏமாற்றமே.

அவளைக் கண்டதுமே கீரி சீறுகிறது. கீரியையும் பாம்பையும் அறிந்த நமக்கு அதன்பின் மறைபொருள் ஏது? அறிஞர் ஒருவர் பாம்பின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக விளக்குகிறார். விளக்க விளக்க அச்சம் தேய்கிறது. முடிவில் மின்னல் ஒன்று பட்டத்தின் கம்பிவழி இறங்கி வெடிமருந்தைப் பற்றவைக்க, யாவும் சிதறுகின்றன. அணங்கும் கள்வனும் இறையும் போய், விலங்கு மட்டுமே எஞ்சுகிறது.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. ஊலங்கா என்னும் ஆப்பிரிக்கப் பணியாளனை ஆசிரியர் வரிக்கு வரி இழித்துரைக்கிறார். அச்சம் ஊட்ட இயலாத இடத்தை இகழ்ச்சியால் நிரப்புகிறார். டிராகுலாவும் வேற்று நாட்டான்தான். ஆனால் லண்டன் தெருவில் தன்னை அயலான் என்று எவரும் அறியாதவாறு ஆங்கிலம் பேச விழைபவன் அவன். பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு அவ்விழைவு புதிதன்று. அவனைக் கொடியவனாகப் படைத்த ஆசிரியர் அவனுக்கு ஓர் உள்ளத்தையும் அளித்தார். ஊலங்காவுக்கு அதனை மறுத்துவிட்டார். உள்ளம் இல்லாத பாத்திரத்தைக் கண்டு அஞ்சவும் இயலாது, இரங்கவும் இயலாது.

நன்று ஒன்றையும் சொல்லல் வேண்டும். பறவைகளை ஓட்ட வானில் ஏற்றிய பெரும்பட்டம் ஒன்று நாள்தோறும் அசையாது நிற்க, ஊர் முழுதும் பறவையொலி அற்றுப் போகிறது. அந்த மௌனத்தில் பழைய ஸ்டோக்கர் ஒருகணம் தலைகாட்டுகிறார். 1912 ஏப்ரலில் மறைந்த அவர், அந்நாளில் உடல்நலம் குன்றியிருந்தார் என்பதையும் மறத்தலாகாது.

நம் பிள்ளைகள் பேய்க்கதை வேண்டினால் 'டிராகுலா'வைத் தருக. மற்றதை, ஆற்றல் எவ்வாறு கைந்நழுவும் என அறிய விழைவோர் பயில்க.