அரண்மனையும் எட்டுச் சாதிகளும்

அமெரிக்க எழுத்தாளர் கியெரா காஸ் 2012இல் வெளியிட்ட 'தி செலக்ஷன்' நாவலை ஒரே மூச்சில் வாசித்தோம்; சுவைத்தோம் என்று சொல்லவும் கூசவில்லை. இளவரசனை மணக்க 35 கன்னியர் போட்டியிடும் கதை. பட்டாடையும் பலகாரமும் குறைவில்லை.

ஆயினும் மக்கள் எட்டுச் சாதிகளாக எண்ணிடப்பட்ட நாடு அது. ஐந்தாஞ் சாதிப் பாடகி தன் உழைப்பால் தேடிச் சமைத்தளித்த உணவை அவமானமெனக் கருதி ஆறாஞ் சாதிக் காதலன் பிரிந்து போகிறான். இரணைமடு நீர் பாயும் வயலை உடையவனும் அவ்வயலிற் கூலிக்கு அருவி வெட்டுபவனும் அருகருகே வாழும் வன்னியில் இக்காட்சிக்கு உரை வேண்டியதில்லை.

ஆசிரியையோ அரண்மனைக்கு விரைகிறார். ஒருத்தி அரசியானால் வேலி விழுந்துவிடுமா? விடை, 2015இல் வந்த நான்காம் பாகமான 'தி ஏர்' நூலிலேயே இருக்கிறது. சாதிகள் அரச ஆணையால் ஒழிந்தன, இழிவு ஒழியவில்லை. கொதிக்கும் மக்களின் கவனத்தைத் திருப்ப, இம்முறை இளவரசிக்குச் சுயம்வரம்! இலங்கையிலும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டோர் தடுக்கப்பட்டனர். அந்தக் கொதிப்பையே ஆசிரியை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஐந்தாம் பாகத்தையும் நாம் தேடி வாசிக்கத்தான் போகிறோம்.