மாணவர் உணர்ச்சியை அளக்கும் வினாத்தாள்

அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களான டேவிட் வாட்சன், லீ அன்னா கிளார்க், ஆக் டெல்லெகன் ஆகிய மூவரும், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களையே வைத்துப் பரீட்சித்து 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பானாஸ்’ என்னும் உணர்ச்சி வினாத்தாளில், நேர் உணர்ச்சிக்குப் பத்தும் எதிர் உணர்ச்சிக்குப் பத்துமாக இருபது சொற்களே உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை இட்டுவிட்டால் தீர்ந்தது. இந்த எளிமையினாலேயே அது பல பாஷைகளுக்கும் சென்றது. ஆனால் மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் அந்த இருபதில் இடமில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஊக்கம், உறுதி, விழிப்பு என்று மனம் கிளர்ந்து நிற்கும் நிலைகளையே அவர்கள் பெரிதும் நாடினார்கள். 1999-இல் லாரன்ட் முதலியோர் குழந்தைகளுக்கென்று அமைத்த வடிவத்திலும், 2010-இல் எட் டீனர் குழுவினர் வெளியிட்ட பன்னிரண்டு வினா அளவையிலும் மகிழ்ச்சி, துயரம் இரண்டும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இவற்றுள் ஒன்றைக் கொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

எதைக் கொண்டாலும் அதைத் தமிழாக்கிச் சோதிக்க வேண்டும். மொழிபெயர்ப்பை, மூலத்தை அறியாத வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பு நோக்கும் உபாயத்தை 1970-இல் பிரிஸ்லின் விளக்கினார். வினாக்கள் தம்முள் இணங்குகின்றனவா என்பதற்கு 1951-இல் கிரான்பாக் வகுத்த ஆல்ஃபா என்னும் எண் இருக்கிறது. நேரும் எதிரும் இரண்டு காரணிகளாகப் பிரிகின்றனவா என்பதைக் காரணிப் பகுப்பாய்வு காட்டும். இத்தனையையும் நகரத்துக் கல்லூரி மாணவரிடம் முடித்துவிட்டு, தமிழ் வடிவம் நிரூபணமாயிற்று என்று முத்திரை வைத்துவிடலாமா?

மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியிலிருந்து வடக்கே பழவேற்காடு வரை, ஏரியையும் கடலையும் நம்பியிருக்கும் குப்பங்களின் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களில் இன்ன நாள் இன்னார் வலை என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பாடு கிடைத்த வாரத்தில் வீட்டில் இறால் காசு புழங்கும். ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையும் வலுத்துவிட்டால் படகு கரையிலேயே கிடக்கும். ‘சென்ற சில நாட்களில்’ எப்படி இருந்தாய் என்று கேட்கும் தாளைப் பாடு கிடைத்த வாரத்தில் ஒரு முறையும், எட்டு வாரம் கழித்து அடைமழையில் மறு முறையும் கொடுத்து, இரு விடைகளும் ஒவ்வாதது கண்டு கருவி நிலையற்றது என்று தீர்ப்புக் கூறினால், பையன் உள்ளதைச் சொன்னதே அவன் குற்றமாகிவிடும். மறுபரீட்சையை ஒரே பருவத்துக்குள் நடத்துவதும், வீட்டார் தொழிலுக்குப் போன நாட்களைப் பக்கத்தில் குறித்துக்கொள்வதும் பெரிய செலவன்று. நகரத்துப் பிள்ளை போடும் நான்கும் குப்பத்துப் பிள்ளை போடும் நான்கும் ஒன்றுதானா என்பதைத் தனியே சோதிக்காமல் சராசரிகளை ஒப்பிடுவதோ வீண் சிரமம்.

உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளாகிய மெய்ப்பாடு எட்டையும் சொன்ன தொல்காப்பியர், ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் உடன் சொல்லிவைத்தார். நம் வினாத்தாள் அச்சத்தின் அளவைக் கேட்குமே தவிர, அது கணக்குப் பரீட்சையை எண்ணியா, இருட்டியும் கரை சேராத தகப்பனை எண்ணியா என்று கேட்பதில்லை.

சுனாமி கழிந்த சில வாரங்களில் இலங்கையின் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய கரையோரங்களில் 264 குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், தாளை நீட்டிவிட்டு ஒதுங்காமல் நேரில் பேட்டி கண்டார்கள். இங்கும் சிலரையாவது அவ்விதம் தனியே உட்காரவைத்து, வினாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஏன் மூன்று போட்டாய் என்று விசாரிப்பது நலம். அப்போது வகுப்பாசிரியர் வெளியே இருப்பது அவசியம். அவர் பார்வையில் நம் பிள்ளைகள் எல்லாருமே ஊக்கத்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள்.