சேதுக் காசும் தேய்ந்த அச்சும்

ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசுகளிலே ஒருபுறம் நிற்கும் மன்னன் உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ்ச் 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் காணப்படும். காசை வெளியிட்ட அரசன் பெயர் இராது. செகராசசேகரன், பரராசசேகரன் என்பன மாறிமாறிச் சூடப்பட்ட அரியணைப் பெயர்கள். அவ்விரு பெயர்களையும் தாங்கிய பிள்ளையார் கோயில்கள் இணுவிலிலே இன்றும் விளங்குகின்றன. காசுகளோ வாய் திறக்கவில்லை. ஆதலின், 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும்வரை ஆண்டோருள் எக்காசு எவனுடையது எனத் துணிய முயல்வோர் உருவ வேறுபாடுகளையே பற்றுக்கோடாகக் கொள்கின்றனர். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

இத்துறையில் கொட்றிங்டன் 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக எழுதிய ஆங்கில நூல் இன்றும் தள்ளற்பாலதன்று. சேதுக் காசுகளை யாழ்ப்பாண அரசர்க்கு உரியனவாக அவர் கொண்டது பொருத்தமே. கோட்டகமக் கல்வெட்டும் 'சேது' என்றே தொடங்குகின்றது. ஆயினும் அவர் முறை காசுகளை வகைவகையாக நிறுத்துவது. அச்சோடு அச்சை ஒப்பிடுவதன்று. அவர்வழி வந்த நம்மவருட் சிலர், எழுத்துக் காணாத காசை 'எழுத்தில்லா வகை' எனத் தனியே வகுத்து, அதற்கு ஓர் அரசனையும் தேடத் தலைப்படுகின்றனர்.

அக்கசாலையின் தொழிலை நினைந்தால் இவ்வவசரம் நீங்கும். கீழச்சின்மேல் செப்புத் தகட்டை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். தகடு அச்சினும் சிறிதாயின், அல்லது சற்றே விலகியிருப்பின், விளிம்பை அடுத்த பகுதி பதியாது. 'சேது' என்பது நந்தியின் கீழே, விளிம்பருகே உள்ளது. எனவே முதலில் மறைவது அதுவே. அது வகையன்று, கை தவறியது.

தேய்விலும் இருவகை உண்டு. பலர் கையிற் புழங்கிய காசில் மேடான பகுதிகளே முதலில் மழுங்கும். பள்ளங்களில் நுண்கோடுகள் எஞ்சும். அச்சே தேய்ந்திருப்பின், புழக்கம் காணாத காசிலும் உருவ விளிம்புகள் கரைந்து குழைந்தாற்போல் தோன்றும். அச்சிலே வெடிப்பு உண்டாயின் அப்பிளவினுட் செம்பு புகுதலால் காசில் மேடான கோடு எழும். பிற்காலத்துக் கீறலோ பள்ளமாகவே இருக்கும். விரல் நகத்தாலும் இதனை ஒருவாறு அறியலாம். ஒரே வெடிப்புப் பல காசுகளிற் படிப்படியே நீண்டு செல்லுமாயின் அவை ஒரே அச்சின. எது முந்தியது, எது பிந்தியது என்பதும் வெளிப்படும். மன்னன் பெயர் இல்லாத காசுகட்கு இதனினும் நம்பத்தக்க முறைவைப்பு அரிது. ஆண்டு கிடையாது; முன்பின் கிடைக்கும்.

இணுவிலுக்கு அயலேயுள்ள கந்தரோடையிற் பீரிஸ் கண்டெடுத்த முத்திரைக் காசுகளுக்கு இவ்வளவை அப்படியே பொருந்தாது. அவற்றிற் குறிகள் தனித்தனியே குத்தப்பட்டன; ஒன்றன்மேல் ஒன்று விழுதல் பிழையன்று, இயல்பு.

வேறுபாடெல்லாம் பிழையென்பதும் நம் கருத்தன்று. மன்னன் ஆடையோ நந்தியின் திசையோ பல அச்சுகளில் ஒருதன்மையாக மாறிவரின் அது வேண்டியே செய்த மாற்றமாகும். அதனைத் துணியப் பத்துக் காசுகளேனும் அருகருகே வைத்து நோக்கல் வேண்டும். பழங்காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் நம் வழக்கம் இதற்குப் பெரும்பகை. மேடும் பள்ளமும் ஒருங்கே போனபின் எஞ்சுவது செம்பின் நிறை மட்டுமே.