லைன்

கதைத் தொகுப்புகளின் கடைசிப் பக்க வட்டார அகராதியில் ‘லைன் – வரிசை' என்று போட்டுவிட்டால் போதுமா? போதாது என்றுதான் சொல்வேன்.

கோவையில் ‘லைன் ஊட்டுல குடியிருக்கோம்' என்றால் பக்கத்து வீட்டோடு சுவரையும் குழாயையும் பங்கிட்டு வாழ்வது. திருப்பூர் பனியன் கம்பெனியில், காலர் ஒருத்தி, கை ஒருத்தி என்று துணி நகரும் மெஷின் வரிசை. தோழர்களுக்கோ கட்சி நிலைப்பாடு.

வால்பாறை எஸ்டேட்டில் லைன் என்பது தொழிலாளர் குடியிருப்பு. இலங்கை மலையகத்தில் இதே சொல் ‘லயன்', ‘லயம்' ஆயிற்று. இசையின் லயமல்ல, ஆட்களை எண்ணவும் கண்காணிக்கவும் தோதாக துரைமார் கட்டிய நீள் கட்டடம். வேலை போனால் கூரையும் போகும். ஆனைமலைத் தோட்டங்களின் அந்த வாழ்க்கையை பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ' (1969) என்று எழுதினார், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு' (2007) ஆகத் தமிழுக்கு வந்துசேர 38 வருஷமாயிற்று.

‘வரிசை' என்று எழுதினால் மொழி சுத்தமாகிவிடும், சரி. வரிசையில் நிறுத்தியவன் யார் என்ற கேள்வியும் அதோடு துடைக்கப்பட்டுவிடுகிறதே!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கண்காணிப்பின் சொல்லைப் பிடுங்கி ‘லைன் அடிக்கறான்' என்று காதலுக்கு வைத்துக்கொண்டார்கள். அகராதிக்காரர்கள் முதலில் இதற்கு அர்த்தம் எழுதட்டும்.