விகலைக்குப் பின் இரண்டு இலக்கம்

சாலை வரைபடத்தில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் 13°04'57.72" என்று நிற்கும் லேபிளைக் கண்டால் என் கண் அங்கேயே தங்கிவிடும். பாகை, கலை, விகலை: மூன்றே படியில் பூமியிலிருந்து கல்லுக்கு இறங்கிவிடுகிறோம். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஒரு விகலை 31 மீட்டர். புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கம் ஏறக்குறைய ஓர் அடி. ஐந்து இலக்கம் போட்டால் மில்லிமீட்டருக்கும் கீழே போகும். யாரும் அளக்காத துல்லியத்தை எழுதுவது பொய்தான்.

சிவில் த்ரீடி மென்பொருளில் இந்த லேபிள் தானாக வராது. முதலில் டிராயிங்குக்கு மண்டலம் சொல்ல வேண்டும். யுடிஎம் என்ற வரைபட ஆயமுறைக் கணக்கில் சென்னையும் மதுரையும் 44, திண்டுக்கல்லும் கோவையும் 43. நடுவே ஓடுவது 78 பாகைத் தீர்க்கரேகை.

அப்புறம் வடிவம். அங்கேதான் கவனம் வேண்டும். 13.0827 என்பதைத் தசம பாகையாகப் படித்தால் மேலே சொன்ன கல். அதையே பாகை, கலை, விகலை ஒட்டி எழுதிய வடிவம் என்று எடுத்தால் 13°08'27". இரண்டுக்கும் இடையே ஆறு கிலோமீட்டருக்கு மேல்! கலைக்கு முன் நிற்கும் அந்தச் சுழியத்தையும் விடக்கூடாது. இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பது அதனால்தான்.

லேபிள் ஸ்டைலை ஒருமுறை ஒழுங்காக அமைத்து, அலுவலக டெம்ப்ளேட்டில் சேமித்துவிடுங்கள். அடுத்து வரைபவருக்கு அது பெரிய உதவி.