இரண்டாவது கரடிப் பொம்மைக்கு என்ன மதிப்பு?

ஒரே பொருளை இரண்டு முறை மாட்டினால் பலனும் இரண்டு மடங்காகுமா? "ஸ்டாக் ஆகுமா?" என்பார்கள் கேம் ஆடுகிறவர்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் பிஜிஎம்ஐ எனும் மொபைல் கேம் ஆடிப் பழகிய பையன்களுக்கு இந்தக் கேள்வி சற்றுத் தாமதமாகவே வரும், ஏனெனில் அந்த கேமில் அதற்கு இடமே இல்லை. தலைக்கு ஒரு ஹெல்மெட், உடம்புக்கு ஒரு வெஸ்ட். மூன்றாம் லெவல் ஹெல்மெட் தலையில் விழும் அடியில் 55 சதவீதத்தைக் குறைக்கும், முதல் லெவல் 30. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு 85 ஆக்க முடியாது. எம்416 துப்பாக்கி இரண்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுடும். மேகசின் தீர்ந்தால் மற்றதை எடுக்கலாம், அவ்வளவுதான்.

கேம் செய்கிறவருக்குத் தடை போடுவதுதான் சுலபமான வழி. புதிதாக ஆட வருகிறவருக்கும் விதி சட்டென்று புரியும். டோட்டா 2-இல் இரண்டு ஜோடி பூட்ஸ் வாங்கினாலும் வேகம் ஒரு ஜோடிக்குத்தான் கிடைக்கும். அது நியாயமும்கூட, இல்லையென்றால் எல்லோரும் ஆறு ஜோடி பூட்ஸோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் தடை என்பது யோசிக்காமல் கதவைச் சாத்துவது. விசித்திரமான ஒரு சேர்க்கையைத் தானே கண்டுபிடிக்கிற சந்தோஷத்தையும் அது வெளியே நிறுத்திவிடுகிறது.

தடை வேண்டாம் என்றால் அடுத்து மனம் போவது நேர்க்கூட்டலுக்கு. பத்தும் பத்தும் இருபது, யாருக்கும் சந்தேகம் வராது. இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தை லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் பல வருடம் சுமந்தது. திறன்களை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரத்தைச் சதவீதக் கணக்கில் குறைக்கும் பொருட்கள் அதில் இருந்தன. பத்து வினாடிக்கு ஒரு முறை வரும் திறனுக்கு முதல் 10 சதவீதத்தைச் சேர்த்தால் காத்திருப்பு ஒன்பது வினாடி. நிமிடத்துக்கு ஆறு முறை என்றிருந்தது ஏறக்குறைய 6.7 ஆகும். ஏற்கெனவே 30 சதவீதம் வைத்திருப்பவர் அதே 10-ஐ வாங்கினால் ஏழு வினாடி ஆறாகி, 8.6 முறை 10 முறையாகிவிடும். விலை ஒன்று, ஆனால் பின்னால் வாங்கியதற்குப் பலன் கூடுதல். இப்படியே விட்டால் நூறு சதவீதத்தில் காத்திருப்பே இருக்காது. அதனால் 40 சதவீதத்தில் உச்சவரம்பு போட்டார்கள். வரம்பைத் தாண்டி வாங்கியவரின் காசு வீண்.

2020 நவம்பரில் அந்தச் சதவீதக் குறைப்பை எடுத்துவிட்டு 'எபிலிட்டி ஹேஸ்ட்' கொண்டுவந்தார்கள். 100 ஹேஸ்ட் இருந்தால் அதே நேரத்தில் இரண்டு முறை, 200 இருந்தால் மூன்று முறை. ஒவ்வொரு புள்ளியும் எப்போது வாங்கினாலும் ஒரே அளவுதான் கூட்டும். கழிப்பதற்குப் பதில் வகுப்பதால் காத்திருப்பு குறைந்துகொண்டே போகும், ஆனால் பூஜ்யத்தைத் தொடாது. வரம்புச் சுவருக்கும் வேலை இல்லாமல் போனது. சமீப காலத்தில் ஒரு பெரிய கேம் செய்த உருப்படியான கணக்குத் திருத்தம் இதுதான் என்பேன்.

இந்தக் கணக்கை நம் ஊர் விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாறை நிலம், ஆயிரம் அடி போர்வெல். இந்தியா முழுக்கப் போர் போடும் ரிக் வண்டிகளை அனுப்புகிற திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அதே தோட்டத்தில் பத்தடி தள்ளி இன்னொரு போர் போடுவார்கள். இரண்டும் ஒரே பாறை வெடிப்பிலிருந்து இழுத்தால் இரண்டு மோட்டார் ஓடியும் தண்ணீர் இரட்டிக்காது, ஒன்றின் பங்கை இன்னொன்று உறிஞ்சும். ஆனால் மோட்டாரில் ஸ்டேஜ் கூட்டினால் தண்ணீர் ஏறும் உயரம் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். இரண்டு இடத்திலும் செய்வது ஒன்றுதான்: இருப்பதையே இன்னொன்று சேர்ப்பது. எது தட்டுப்பாடு என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. நல்ல கேமும் இந்தக் கேள்வியைத்தான் ஆடுகிறவர் முன் வைக்க வேண்டும்.

அப்படி வைத்த கேம் ரிஸ்க் ஆஃப் ரெயின் 2. 2020 ஆகஸ்டில் முழுமையாக வெளிவந்தது. ஒரே பொருளை எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதுதான் அதன் உயிர். 'சோல்ஜர்ஸ் சிரிஞ்ச்' ஒவ்வொன்றும் தாக்கும் வேகத்தில் 15 சதவீதம் கூட்டும், பத்து இருந்தால் 150. மூக்குக்கண்ணாடி ஒவ்வொன்றும் கிரிட்டிகல் அடிக்கான, அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடிக்கான, வாய்ப்பை 10 சதவீதம் உயர்த்தும். பத்துக் கண்ணாடி சேர்ந்தால் ஒவ்வொரு அடியும் கிரிட்டிகல்தான், பதினொன்றாவதற்கு அந்த வகையில் வேலை இல்லை.

ருசியானது கரடிப் பொம்மை, 'டஃபர் டைம்ஸ்'. விழும் அடியை அடியோடு தடுக்க 15 சதவீத வாய்ப்பு என்கிறது விளக்கம். நேராகக் கூட்டினால் ஏழு பொம்மையில் 105, ஆளை யாரும் தொடவே முடியாது. அதனால் வேறு சூத்திரம் வைத்தார்கள். ஒன்று இருந்தால் ஏறக்குறைய 13 சதவீதம், இரண்டுக்கு 23, மூன்றுக்கு 31, பத்துக்கு 60. ஏறுவது 13, 10, 8 என்று தேய்வதைப் பார்த்ததும் "போகப்போகப் பலன் குறைகிறது, மூன்றோடு நிறுத்து" என்று சொல்லிவிடுவார்கள்.

அது தவறான வாசிப்பு. நூறு புள்ளி உயிர் உள்ளவர் சராசரியாக எவ்வளவு அடி வாங்கித் தாக்குப்பிடிப்பார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பொம்மையோடு 115, இரண்டோடு 130, மூன்றோடு 145, பத்தோடு 250. ஒவ்வொன்றும் சரியாகப் பதினைந்து கூட்டுகிறது. மேலே தேய்வதுபோலத் தெரிவது உள்ளே நேர்கோடு. ஹேஸ்ட்டில் பார்த்த அதே வகுத்தல் கணக்குத்தான் இங்கே உயிர்காக்கும் வேலை செய்கிறது. கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு, சந்தேகமில்லை.

குறை எங்கே என்றால், அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் திரையில் மறைத்ததில். பதினைந்து என்று எழுதிவிட்டுப் பதின்மூன்று கொடுக்கிறார்கள். சந்தையில் இப்படி எடை போட்டால் தராசைப் பிடித்துக்கொள்வோம். இரண்டாவது பொம்மை உண்மையில் எவ்வளவு கூட்டும் என்பதும் விளக்கத்திலிருந்து தெரியாது. கணக்குப் போடத் தெரிந்த நாலு பேர் கண்டுபிடித்துச் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு, அதற்கு எந்தச் சூத்திரமும் மருந்தில்லை. எல்லையில்லாமல் அடுக்க விட்டால் கடைசியில் ஒரே பொருளைக் குவிப்பதே சிறந்த வழியாகிவிடும் அபாயம். ஒரு சிரிஞ்ச் கையில் வந்ததும் அடுத்து வரும் தேர்வெல்லாம் சிரிஞ்ச்தான் என்றால் யோசிக்க என்ன மிச்சம்? தனியாகவோ கூட்டாளிகளோடோ ராட்சசர்களை எதிர்த்து ஆடும் கேமில் இது தாங்கும், ஏன், அந்த அபத்தமே வேடிக்கை. எதிரில் இன்னொரு மனிதர் ஆடும் போட்டியில் தாங்காது. பிஜிஎம்ஐ-யின் ஒற்றை ஹெல்மெட் விதியை அந்த ஒரு காரணத்துக்காக நான் ஒப்புக்கொள்வேன்.

மற்ற இடங்களில் தடையும் வேண்டாம், உச்சவரம்பும் வேண்டாம், வகுத்தல் கணக்கே போதும். நம் பக்கத்திலும் பொறியியல் கல்லூரிகளிலிருந்து கேம் செய்யப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஆடுகிறவர் இரண்டாவது பொருளைத் தொடும்போது, மாட்டுவதற்கு முன் எவ்வளவு, மாட்டிய பின் எவ்வளவு என்று இரண்டு எண்களை அங்கேயே காட்டுங்கள். ஒரு வரி போதும்.