மேக்ரோவுக்கு டைப் தெரியுமா?

லிஸ்ப் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும்: மேக்ரோவுக்குள் வரும் எக்ஸ்பிரஷன் முழு எண்ணா, தசம எண்ணா, சரமா என்று அங்கேயே கண்டுபிடித்து, அதற்கேற்ற வேகமான நிரலை விரித்துத் தர வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் மேக்ரோவின் கையில் கிடைப்பது மதிப்பு அல்ல, எழுதிய வடிவம்தான். கம்பைலர் டைப்பை ஊகிக்க உட்காருவது மேக்ரோக்கள் விரிந்த பிறகுதான். கேள்வி முன்னால் வருகிறது. பதில் பின்னால் பிறக்கிறது.

காமன் லிஸ்ப்பில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கை ஸ்டீல் எழுதிய காமன் லிஸ்ப் நூலின் 1990-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, வேரியபிள்-இன்ஃபர்மேஷன் என்ற ஃபங்ஷனை விவரிக்கிறது. மேக்ரோ தனக்குக் கிடைக்கும் சூழலை அதனிடம் கொடுத்து, ஒரு மாறிக்கு என்ன டைப் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். 1994-ன் ஆன்சி தரத்தில் அது இல்லை. எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப் கம்பைலர் அதைத் தனித் தொகுப்பாகத் தருகிறது. இந்த வழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரணத்தை ஒரு சிறு உதாரணத்திலேயே பார்க்கலாம். 'அ' என்ற மாறி ஃபிக்ஸ்நம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. மேக்ரோவுக்கு வருவது (+ அ 1). வேரியபிள்-இன்ஃபர்மேஷன் பெயர்களுக்குத்தான் பதில் சொல்லும், எக்ஸ்பிரஷனுக்குச் சொல்லாது. ஆகவே உள்ளே இறங்கி நாமே கணக்குப் போட வேண்டும். ஃபிக்ஸ்நத்தோடு ஒன்றைக் கூட்டினால் ஃபிக்ஸ்நம் என்று எழுதிவிடத் தோன்றும். 64 பிட் எஸ்பிசிஎல்லில் ஃபிக்ஸ்நத்தின் உச்சம் 2-இன் 62-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 'அ' அந்த உச்சத்தில் நின்றால், கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டி பிக்நம் ஆகிவிடும். பாதுகாப்புச் சோதனைகளை அணைத்துக் கம்பைல் செய்த நிரலில் அந்த ஊகம் சத்தமில்லாமல் தவறான விடையைத் தரும்.

உள்ளே வேறு மேக்ரோக்கள் இருந்தால் அவற்றையும் விரித்துப் பார்த்தாக வேண்டும். பார்த்தபின் மூல வடிவத்தையே வெளியே அனுப்பினால், கம்பைலர் அதை மறுபடி விரிக்கும். இப்படிப் பத்து மேக்ரோக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தால், அந்தப் பத்துக்கும் உள்ளே இருக்கும் அடிமட்ட வடிவம் 1024 முறை விரியும்.

லிஸ்ப் குடும்பத்தின் இன்னொரு மொழியான கிளோஜூரில் நிலைமை சற்று மேல். அங்கே லெட் கட்டிய பெயர் மாறாது என்பதால், அதன் தொடக்க எக்ஸ்பிரஷனிலிருந்து கிளாஸை எடுப்பது பாதுகாப்பானது. இருந்தும் அது கம்பைலரின் உள்ளுறுப்பைத் தொடும் வேலை. கிளோஜூர்ஸ்கிரிப்டில் சூழலின் உருவமே வேறு.

அதே குடும்பத்தின் ராக்கெட் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்கிறது. ஸ்டீபன் சாங், அலெக்ஸ் நாத், பென் கிரீன்மேன் மூவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், டைப் சோதனையையே மேக்ரோ விரிப்புக்குள் நெய்துவிட்டார்கள். ஒவ்வொரு மேக்ரோவும் உட்கூறை விரித்து, அதன்மேல் ஒட்டிய டைப்பைப் படித்து, தன் டைப்பையும் ஒட்டி அனுப்புகிறது. அழகான வேலை. ஆனால் மொழியின் எல்லா வடிவங்களும் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும். இருக்கும் காமன் லிஸ்ப்பின் மேல் இதைப் பாதியாக ஒட்ட முடியாது.

ஆகவே காமன் லிஸ்ப்பில் என் தீர்ப்பு: மேக்ரோ டைப்பைக் கேட்கவே கூடாது. எக்ஸ்பிரஷனை ஒருமுறை மதிப்பிட்டு ஒரு புதுப் பெயரில் கட்டி, அதன்மேல் டைப்கேஸ் ஒன்றை விரித்துத் தரட்டும். டைப் தெரிந்த இடத்தில் எஸ்பிசிஎல் தேவையற்ற கிளைகளை வெட்டியெறிந்து, சில சமயம் வெட்டியதைக் குறிப்பாகவும் சொல்லும். தெரியாத இடத்தில் நிரல் கொஞ்சம் மெதுவாகும், விடை தவறாது. கிளைக்குக் கிளை கோட் பெருகுவது உண்மையான குறைதான், ஆனால் தவறான விடைக்கு முன் அது சின்னது.

வேரியபிள்-இன்ஃபர்மேஷன் தரத்தில் விடுபட்டது இந்த வேலைக்குப் பெரிய இழப்பல்ல. இழப்பு வேறு: ஊகித்த டைப்பைப் பார்த்து மாற்று நிரலைத் தரும் டெஃப்டிரான்ஸ்ஃபார்ம், எஸ்பிசிஎல்லின் உள்ளறையிலேயே பூட்டிக் கிடக்கிறது. காமன் லிஸ்ப் நிரலாளருக்கு அதிகாரபூர்வமாகத் திறந்துவிட வேண்டியது அந்த அறையைத்தான்.